தங்கச்சியின் நாடியை வாசித்தவர்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வண்டிகளில் இரண்டு பிரேக் இருக்கும். ஒன்று ஓட்டுகிறவர் காலடியில், இன்னொன்று பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கிறவர் காலடியில். அந்த இரண்டாவது பிரேக்கின் பக்கத்திலேயே காலை வைத்துக்கொண்டு, அதை மிதிக்காமலேயே இருபது வருடத்தை ஓட்டிய மனிதர் ஒருவர் இருந்தார். அதனாலேயே அவருக்கு ‘பிரேக்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். குண்டாக இருப்பவனை ஒல்லி என்று கூப்பிடுகிற அதே குசும்புதான். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய லைசென்ஸில் மட்டும் பத்திரமாக இருந்தது.

மற்ற பயிற்சியாளர்கள் எதிரே ஒரு சைக்கிள் தெரிந்தாலே பொசுக்கென்று மிதித்துவிடுவார்கள். கற்றுக்கொள்ள வந்தவரின் மூக்கு ஸ்டியரிங்கில் போய் முட்டும். அது போதாதென்று வசவு வேறு. பிரேக் வாயையும் திறக்க மாட்டார், காலையும் அசைக்க மாட்டார். ரோட்டைக்கூட அவ்வளவாகப் பார்க்க மாட்டார். பக்கத்தில் இருப்பவரின் முழங்காலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். “பயம் மூஞ்சிக்கு வர்றதுக்கு முன்னாடி முழங்காலுக்கு வந்துடும்” என்பது அவருடைய கண்டுபிடிப்பு. முழங்கால் லேசாக ஆட ஆரம்பித்தால், “ஒண்ணும் அவசரமில்ல, ஓரமா நிறுத்துங்க” என்பார். அவருடைய பாடமே அவ்வளவுதான்.

தையல்கடை வைத்திருந்த அம்மா ஒருவர் இவரிடம் வந்து சேர்ந்தார். எதிரே லாரி வந்தால் கண்ணை இறுக மூடிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு. ஸ்டியரிங் கையில் இருக்கும்போதும்தான். இரண்டு பயிற்சியாளர்கள் அவருக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். பிரேக் அவரைக் காலியான ஒரு மைதானத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே ஓட்டவே சொல்லித்தரவில்லை, நிறுத்த மட்டும் சொல்லித்தந்தார். கொஞ்சம் உருள விடுவது, நிறுத்துவது. மறுபடி உருள விடுவது, நிறுத்துவது. ஒரு வாரம் முழுக்க இதே கூத்து. “நான் ஓட்டக் கத்துக்க வந்தேன் தம்பி” என்று அந்த அம்மா சலித்துக்கொண்டபோது, “நிறுத்தத் தெரிஞ்சவங்கள வண்டியால பயமுறுத்த முடியாதும்மா” என்றார். இன்றைக்கு அந்த அம்மா துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வேனில் பறக்கிறார். இப்போது லாரிக்காரர்கள்தான் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

இப்படிப்பட்ட சாது ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்தார் என்று சொன்னால் நம்புவது கஷ்டம். இரண்டு கையும் இரண்டு காலும் நாலு பக்கம் ஓட, டிரம்ஸ் அடித்துக் கட்டடத்தைக் கிடுகிடுக்க வைத்தார்.

அவர் இருந்த குழுவின் பெயர் ‘உள்ளறை’. வாசித்தது ப்ராக்ரஸிவ் ராக். சாதாரணப் பாட்டு மூன்று நாலு நிமிடத்தில் வேலையை முடித்துக்கொண்டு மரியாதையாக இறங்கிப் போய்விடும். இந்தப் பாட்டு இருபது நிமிடம் போகும். ஏழு ஏழாக எண்ணிக்கொண்டிருக்கும்போதே பதினொன்றுக்குத் தாவும், அங்கிருந்து ஐந்துக்கு இறங்கும். தாளம் போடலாம் என்று தொடையில் கை வைத்தவர்கள் பாதியிலேயே கையை எடுத்துச் சட்டைப்பையில் விட்டுக்கொள்வார்கள். பல்லவி திரும்பி வரும் என்று காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். இதைக் கேட்பதற்கென்றே ஊருக்குள் நூறு நூற்றைம்பது பேர் இருந்தார்கள். கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்பார்கள், தப்பான இடத்தில் கைதட்டுவார்கள், ஆனால் ஒரு நிகழ்ச்சியையும் விடமாட்டார்கள்.

ஒத்திகை நடந்தது டிரைவிங் பள்ளியின் வகுப்பறையில். சுவர் முழுக்கச் சாலைக் குறியீட்டுப் படங்கள். ‘இங்கே ஒலி எழுப்பக் கூடாது’ என்ற படத்துக்கு நேர் கீழேதான் டிரம்ஸ் இருந்தது. அதை யாரும் திட்டமிட்டு வைக்கவில்லை, அந்த மூலையில்தான் இடம் இருந்தது. சத்தம் வெளியே போகாமல் இருக்கப் பழைய கார் சீட்டு மெத்தைகளைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். அப்படியும் மாடியில் குடியிருந்தவர் அடிக்கடி கீழே இறங்கி வந்து கத்தியதால், டிரம்ஸின் மேல் போர்வையைப் போர்த்திவிட்டுத்தான் பிரேக் வாசிப்பார்.

குழுவில் நாலே பேர். கீபோர்டு வாசித்தவர் கல்லூரியில் மனோதத்துவம் நடத்தும் புரொபசர். கிடார் வாசித்தவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். யாரைப் பார்த்தாலும் கண்ணில் என்ன பவர் இருக்கும் என்று ஊகித்துச் சொல்வதால் அவருக்குப் பெயரே பவர். பாடியது பிரேக்கின் கூடப்பிறந்த தங்கை. அண்ணன் அவளைத் தங்கச்சி என்று கூப்பிட, மற்ற இரண்டு பேரும் கூப்பிட, கடைசியில் ரசிகர்களும் அப்படியே கூப்பிட்டு அதுவே மேடைப்பெயராக நின்றுவிட்டது.

உள்ளறையில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பாட்டு வேண்டுமென்றால் முதலில் யாராவது ஒருவர் அறை நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன் மனதில் நிஜமாகவே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கேட்பவர்கள் ஆறுதல் சொல்லக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது, ‘எனக்கும் இப்படித்தான் ஒரு தடவை’ என்று தங்கள் கதையை இழுக்கக் கூடாது. எழுந்து போய் வாசித்துக் காட்ட வேண்டும். நாற்காலியில் இருப்பவர் “இது இல்ல, இது இல்ல” என்று தலையாட்டிக்கொண்டே இருப்பார். எப்போது “ஆமா, இதுதான்” என்கிறாரோ, அப்போதுதான் பாட்டுக்கு முதல் அடி கிடைக்கும். இது புரொபசர் கொண்டுவந்த முறை. மனிதனின் உணர்ச்சிகள் அத்தனையையும் ஒவ்வொன்றாக வாசித்து முடித்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆசைக்கு என்ன வரி?

அப்படி வந்த பாட்டுகள் சாமானியமானவை இல்லை. தன் கடைக்கு எதிரிலேயே தன்னுடையதைவிடப் பெரிய கண்ணாடிக் கடை திறந்த தம்பியைப் பற்றிப் பவர் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார். அது பொறாமைப் பாட்டாயிற்று. தேனாக ஆரம்பித்து, போகப் போகப் பல்லைக் கடிக்கிற மாதிரி இறுகும். அந்தத் தம்பியே நிகழ்ச்சிக்கு வந்து கேட்டுவிட்டு, “ரொம்ப சாந்தமா இருந்துச்சுண்ணே” என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். பவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. புரொபசர், தன் அப்பா இறந்த அன்று தனக்கு அழுகையே வராததைச் சொன்னார். அந்தப் பாட்டைக் கேட்டு அரங்கமே அழுதது. புரொபசர் அப்போதும் அழவில்லை.

பிறகு தங்கச்சியின் முறை வந்தது.

அவளுக்குக் குடிநீர் அலுவலகத்தில் வேலை, தொலைபேசியில் புகார் கேட்பது. காலையிலிருந்து சாயங்காலம் வரை முகம் தெரியாதவர்களிடம் திட்டு வாங்கி, ஒவ்வொருவருக்கும் “உங்க புகாரப் பதிவு பண்ணிட்டேங்க” என்று தேன் குரலில் சொல்ல வேண்டும். ஒரு நாள் அலுவலக லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம்தான். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில் நெஞ்சு தறிகெட்டு அடிக்க, மூச்சு முட்ட, இதோ சாகப்போகிறோம் என்றே அவள் நினைத்துவிட்டாள். லிஃப்ட் சரியாகிவிட்டது, அவள் சரியாகவில்லை. அதற்குப் பிறகும் எப்போதாவது காரணமே இல்லாமல் அதே படபடப்பு வந்து போகும். டாக்டர் பார்த்துவிட்டு, இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டார். இதையெல்லாம் அவள் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னாள்.

“அது உடம்பு தப்பா அடிக்கிற அபாய மணி” என்றார் புரொபசர். “நெருப்பு இல்லாமலே மணி அடிக்கும். இத மட்டும் நாம சரியா வாசிச்சுட்டா...” அவருக்குக் கண் பளபளவென்று மின்னியது.

அடுத்த வாரம் கல்லூரி ஆய்வுக்கூடத்திலிருந்து, விரலில் மாட்டினால் நாடித்துடிப்பைக் கோடாகப் போட்டுக்காட்டும் கருவி ஒன்றைக் கொண்டுவந்தார். தங்கச்சியின் விரலில் அதை மாட்டி, லிஃப்ட் கதையை மறுபடி கண்ணை மூடிச் சொல்லச் சொன்னார். சொல்லச் சொல்லக் கோடு எகிறியது. விரைந்தது, ஒரு துடிப்பைத் தவறவிட்டது, இரண்டைச் சேர்த்து அடித்தது, மறுபடி விரைந்தது. எழுதினாலும் வராத தாளம்! ஒரு பெண் நாற்காலியில் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்க, மூன்று ஆண்பிள்ளைகள் அந்தக் கோட்டின் மேல் கவிழ்ந்து குதூகலப்பட்டுக்கொண்டிருந்தார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால் இப்படி ஒரு முட்டாள்தனத்தைச் செய்ய இவர்களால் மட்டும்தான் முடியும். பிரேக்கும் அதில் ஒருவர் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. அன்றைக்கு அவர் தங்கையின் முழங்காலைப் பார்க்கவில்லை.

அந்தத் துடிப்பை அப்படியே டிரம்ஸில் வாசிக்கும் பொறுப்பு அவருடையது. ஸ்டியரிங்கில் தட்டினார், சாப்பாட்டு மேசையில் தட்டினார், தூக்கத்தில் மனைவியின் முதுகில் தட்டினார். “ஒண்ணு என்னையத் தூங்க விடுங்க, இல்ல நீங்க ஹால்ல போய்ப் படுங்க” என்று மனைவி சொல்லிவிட்டார். ஒரு மாதத்தில் அந்தக் கோட்டில் இருந்த ஒரு தடுமாற்றத்தைக்கூட விடாமல் கைக்கும் காலுக்கும் கொண்டுவந்துவிட்டார். பாட்டின் பதினோராவது நிமிடத்தில் கீபோர்டும் கிடாரும் அடங்கிவிடும். டிரம்ஸும் தங்கச்சியின் குரலும் மட்டும் மிஞ்சும். அதாவது அவளும், அவளுடைய நெஞ்சும்.

போர்வை போர்த்திய டிரம்ஸோடு ஒத்திகையில் எல்லாம் நன்றாகத்தான் போனது. நிகழ்ச்சி அன்று மேடையில் போர்வை இல்லை. ஆள் உயர ஸ்பீக்கர்கள் அந்தத் துடிப்பைப் பிடித்துத் தரை வழியாக அனுப்பின. பதினோராவது நிமிடம் வந்ததும் அது தங்கச்சியின் உள்ளங்காலில் ஏறி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அண்ணன் அடித்த வேகத்துக்கு அவள் இதயமும் ஓட ஆரம்பித்தது. அவர் தவறவிட்ட இடத்தில் அதுவும் தவறவிட்டது. மைக்கைக் கீழே போட்டுவிட்டு அவள் மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டாள்.

குச்சிகளை வீசிவிட்டு பிரேக் பின்னாலேயே ஓடினார். மேடைக்குப் பின்புறப் படிக்கட்டில் அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நிறுத்துண்ணா” என்றாள்.

“நிறுத்திட்டேன்மா. எல்லாரும் நிறுத்தியாச்சு.”

“இல்ல. இன்னும் அடிக்குது.”

அந்த ஒரு வார்த்தையைக் கேட்ட பிறகு பிரேக்குக்குத் தன் கையையே பிடிக்காமல் போயிற்று.

அன்றிலிருந்து தங்கச்சி முதலில் லிஃப்டை விட்டாள். பிறகு பஸ்ஸை விட்டாள். பிறகு தொலைபேசி மணி அடித்தாலே உடம்பு உதற ஆரம்பித்ததால் வேலைக்கு நீண்ட விடுப்பு போட்டாள். தனியாக இருக்க முடியாமல் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டாள். பாட்டு என்கிற பேச்சே இல்லை. பாத்திரம் கழுவும்போதுகூட ராகம் இழுக்கிறவள், இப்போது குழாயைத் திறந்து விட்டுவிட்டுச் சும்மா நின்றாள். அவளுக்குக் குரல் திரும்பி வருமா, அவள் மறுபடி வெளியே கால் வைப்பாளா என்பதைத் தவிர வேறு எந்தக் கவலையும் அந்த வீட்டில் இல்லை.

புரொபசர் ஒரு நாள் வந்தார். நடுவயது மனிதர், பள்ளிப் பையன் மாதிரி வாசலிலேயே நின்றார். “தப்பு என்னோடது” என்றார்.

“எழுதினது நீங்க சார். அடிச்சது நான்” என்றார் பிரேக்.

“அந்தப் பாட்டையே விட்டுடுவோம்.”

படுக்கையறைக் கதவு திறந்தது. தங்கச்சி தலையைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். “அது என்ன, ஆளாளுக்கு முடிவு பண்றீங்க? அத விட்டா நான் வேற எதையும் பாட மாட்டேன். அது என் நெஞ்சு சார். அதுக்குப் பயந்து நான் எங்க ஓடறது?”

இதற்குப் பதில் சொல்ல மனோதத்துவத்தில் இடமில்லை போலிருக்கிறது. 

பிறகு புரொபசர் தனக்குத் தெரிந்த முறைப்படி ஆரம்பித்தார். பாட்டின் ஒலிப்பதிவைத் தூரத்தில் மெல்ல ஓடவிட்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவருவது. தங்கச்சி சொன்னபடி உட்கார்ந்து கேட்டாள். நாற்காலியின் கைப்பிடியை விரல் வெளுக்கப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நாள் போகப் போகப் பயம் குறையும் என்றார் புரொபசர். குறைகிற வழியாக இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரேக் அவள் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன.

“சார், இவ வண்டி ஓட்டல” என்றார். “பின் சீட்டுல ஏத்தி, கதவப் பூட்டி, யாரோ ஓட்டிட்டுப் போறாங்க.”

“என்ன சொல்றீங்க?”

“நிறுத்தற வேலைய இவகிட்ட குடுங்க. இவ கையத் தூக்கினா நாம எல்லாரும் நிறுத்தணும். எந்த இடமா இருந்தாலும் சரி. ஏன்னு ஒரு கேள்வி கேக்கக் கூடாது.”

புரொபசர் தலையைச் சொறிந்தார். இருபது நிமிடப் பாட்டை நினைத்த இடத்தில் அறுத்தால் அதற்குப் பெயர் பாட்டா? பவர்தான் முதலில் வழிக்கு வந்தார். “நம்ம பாட்டு எங்க முடியுதுன்னு எப்படியும் யாருக்கும் தெரியறதில்ல சார். நடுவுல நின்னா யாரு கண்டுபிடிக்கப் போறாங்க?”

இப்படியாக உள்ளறை என்கிற பெருமைக்குரிய இசைக்குழு, வாசிப்பதை விட்டுவிட்டு நிறுத்துவதை ஒத்திகை பார்க்க ஆரம்பித்தது. முதல் ஞாயிறு, பிரேக் முதல் அடியை அடித்தார். தங்கச்சி கையைத் தூக்கினாள். நிறுத்தினார்கள். மறுபடி முதல் அடி, மறுபடி கை. காலையிலிருந்து மத்தியானம் வரை அந்தப் பாட்டு இரண்டாவது அடியைப் பார்க்கவில்லை. சேர்ந்து வாசிப்பது ஒரு வித்தை என்றால், சேர்ந்து நிற்பது அதைவிடப் பெரிய வித்தை. புரொபசரின் விரல் எப்போதும் ஒரு சுரம் தாண்டிப் போய்த்தான் நிற்கும். “சார், உங்க பிரேக் பிடிக்கல, ஒர்க் ஷாப்புல விடுங்க” என்பார் பவர். அதைக் கேட்டு ஒரு நாள் தங்கச்சி சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது.

அவசரப்படுத்தாத ஒரே ஆள் பிரேக்தான். அவள் கை தூக்கினால் நிறுத்துவார், இறக்கினால் ஆரம்பிப்பார். முகத்தில் ஒரு சுளிப்பு கிடையாது. பொறுமை என்று நாமெல்லாம் சொல்லிக்கொள்வது பெரும்பாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதுதான். அவருடையது அந்த ரகமில்லை. தங்கை எத்தனை தடவை நிறுத்தச் சொல்கிறாளோ அத்தனை தடவையும் அவருக்கு அது முதல் தடவை. இந்த ஒரு குணத்துக்காகவே அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

மாதங்கள் போயின. கை மூன்றாவது நிமிடத்தில் எழுந்தது, பிறகு ஆறாவதில். ஒரு நாள் ஒன்பது நிமிடம் வரை கை தூக்க மறந்துபோய், அது நினைவுக்கு வந்ததும் திடுக்கிட்டுத் தூக்கினாள். இன்னொரு நாள் பதினோராவது நிமிடத்துக்குள்ளேயே போய், பாதியில் கையை உயர்த்தி, கொஞ்சம் யோசித்து, அந்தக் கையாலேயே தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு பாடி முடித்தாள். பவர் கிடாரை வைத்துவிட்டு வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார்.

“போர்வைய எடுத்துட்டு அடிண்ணா” என்று அவளே சொன்னாள். எடுத்துவிட்டு அடித்தார். மாடிக்காரர் தடதடவென்று இறங்கி வந்து கதவை இடித்தார். தங்கச்சிதான் போய்க் கதவைத் திறந்தாள். அவர் கத்தி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, பழைய தேன் குரலில், “உங்க புகாரப் பதிவு பண்ணிட்டேங்க. வேற ஏதாவது உதவி வேணுமா?” என்றாள்.  மாடிக்காரர் வந்த வழியே மேலே ஏறிப் போய்விட்டார். அடுத்த வாரம் அவள் பஸ்ஸில் ஏறினாள். அடுத்த மாதம் வேலைக்குத் திரும்பினாள்.

எல்லாரும் தங்கச்சியையே பார்த்துக்கொண்டிருந்ததில் இன்னொன்றை யாரும் கவனிக்கவில்லை. பிரேக்கின் கை மெலிந்துகொண்டே வந்தது. பதினோராவது நிமிடம் நெருங்க நெருங்க, அடி பூப்போல விழுந்தது. டிரம்ஸைப் பார்க்காமல் தங்கையின் முதுகையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தபடி வாசித்தார். பள்ளியிலும் ஒரு காரியம் நடந்தது. கற்றுக்கொள்ள வந்த வங்கிக்காரர் ஒருவர் ஒழுங்காக ஓட்டிக்கொண்டிருக்கும்போதே, இருபது வருடமாக அசையாத அந்தக் கால் பிரேக்கை அழுத்திவிட்டது. வங்கிக்காரருக்கு மூக்கில் லேசான வீக்கம். சக பயிற்சியாளர்களுக்கு ஒரே கொண்டாட்டம். “இப்பத்தான் அண்ணனுக்குப் பேரு பொருந்துது” என்றார்கள். அவரும் சேர்ந்து சிரித்து வைத்தார்.

வீட்டில் மனைவிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. துணி மடித்துக்கொண்டே சொன்னார்: “அவள விட்டுப் போன பயம் எங்கதான் போச்சுன்னு பாத்துட்டே இருந்தேன். உங்ககிட்ட வந்து உக்காந்திருக்கு.”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லன்னா நல்லதுதான். ஆனா நீங்க இப்பல்லாம் டிரம்ஸ் அடிக்கிற மாதிரி தெரியல. தொட்டுக் கும்பிடற மாதிரி இருக்கு.”

அவர் மடித்த துணிகளை எடுத்துப் போய் அலமாரியில் வைத்தார்.  இந்தக் கையால்தான் அவளைக் கீழே தள்ளினோம், மறுபடி ஒரு தடவை தள்ளிவிட்டால் இனி எழுந்திருக்க மாட்டாள் என்ற நினைப்பு, காலையில் கண் விழிக்கும்போது அவருக்கு முன்னால் விழித்துக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஆறுதல் சொல்லக் கூடாது என்று சட்டம் போட்ட குழுவில் இருந்துகொண்டு, யாராவது ஆறுதல் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தார்.

அதே அரங்கத்தில்தான் மறுபடி நிகழ்ச்சி. தங்கச்சி பிடிவாதமாக அதே இடத்தைத்தான் கேட்டிருந்தாள். அந்த நூற்றைம்பது பேரும் ஒருவர் விடாமல் வந்திருந்தார்கள், போன தடவை நடந்தது தெரிந்து, இருமக்கூடப் பயந்து உட்கார்ந்திருந்தார்கள். தங்கச்சி மேடை நுனியில், கை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நின்றாள். அந்தக் கை எழுந்தால் எல்லாம் நிற்கும். அதைத்தான் வருடம் முழுக்கப் பழகியிருந்தார்கள்.

பாட்டு ஆரம்பித்தது. நன்றாகவே போனது. பவர் வாசித்த வாசிப்பில் அவருடைய தம்பிக்கே பொறாமை வந்திருக்கும். பதினோராவது நிமிடம் வந்தது. எழுதியிருந்தபடி கீபோர்டு அடங்கியது, கிடார் அடங்கியது. தங்கச்சி ஒற்றைச் சுரத்தை எடுத்து நீளமாக இழுத்தாள். அது முடிகிற இடத்தில் டிரம்ஸ் வர வேண்டும்.

வரவில்லை.

 புரொபசர் தங்கச்சியின் கையைப் பார்த்தார். கை கீழேதான் இருந்தது. பவர் திரும்பிப் பார்த்தார். பிரேக் இரண்டு குச்சிகளையும் உயர்த்தியபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.  கால் டிரம்ஸின் பெடல் மேல் இருந்தது. அதை அழுத்தத்தான் முடியவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இதுவும் பாட்டில் ஒரு பகுதி என்று நினைத்துப் பயபக்தியோடு தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

தங்கச்சி திரும்பினாள். அண்ணனைப் பார்த்தாள். மைக்கைக் கையில் பிடித்தபடி மேடை நுனியிலிருந்து டிரம்ஸ் வரை நடந்து வந்தாள். அவருடைய வலது கையைப் பிடித்துக் கீழே இறக்கி, குச்சியை வாங்கிக்கொண்டு, அவர் விரல்களைத் தன் மணிக்கட்டில் வைத்து அழுத்தினாள்.

“எண்ணிப் பாரு” என்றாள். மைக் அணைக்கப்படவில்லை. அது மொத்த அரங்கத்துக்கும் கேட்டது.

பிரேக் எண்ணினார். மாடிப்படி ஏறி வந்தவளுக்கு அடிக்கிற மாதிரி கொஞ்சம் வேகமாக அடித்தது. ஆனால் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

“எப்படி இருக்கு?”

“சீரா இருக்கு” என்றார். 

“அது பாட்டுண்ணா. இது நான்.” குச்சியை அவர் கையில் திருப்பி வைத்தாள். “எனக்கு ஒண்ணும் ஆகாது. நல்லா அடி.”

பிரேக் அடித்தார். பூப்போல அல்ல. அந்தக் கோட்டில் இருந்தது போலவே, விரைந்து, தவறவிட்டு, இரண்டைச் சேர்த்து, ஸ்பீக்கர் அதிர அடித்தார். கண்ணீர் தாடையில் வழிந்து டிரம்ஸின் மேல் விழ, துடைக்கக் கை இல்லாமல் அழுதுகொண்டே அடித்தார். தங்கச்சி மேடை நுனிக்குத் திரும்பிப் போகவில்லை. அண்ணன் பக்கத்திலேயே நின்று, கடைசி வரை ஒரு தடவையும் கையைத் தூக்காமல் பாடினாள்.